எடைநெறி மையத்தின் மூன்றாம் பிரிவு

ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் காஜா நஜ்முதீன் தன் உடம்பு தன்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்து சொன்னது.

"அரசு ஊழியரின் உடல் அரசின் அசையும் சொத்து. அது அசைய முடியாத அளவுக்குப் பெருப்பதை அரசு கைகட்டி வேடிக்கை பார்க்காது" என்று அதன் முதல் பத்தி தொடங்கியது. இரண்டாம் பத்தியில், காரைக்காலில் எடைநெறி மையம் என்று ஓர் அலுவலகம் திறக்கப்பட்டிருப்பதாகவும், எல்லா அலுவலகத்திலிருந்தும் கனமான ஊழியர்கள் அங்கே அனுப்பப்படுவார்கள் என்றும் இருந்தது. மூன்றாம் பத்தி குட்டையானது. தொண்ணூறு நாளில் குறிப்பிட்ட எடைக்கு இறங்காதவர்கள், தட்பவெப்ப மாறுதலின் பொருட்டு, ஏனாமுக்கு மாற்றப்படுவார்கள்.

நஜ்முதீன் அந்த மூன்றாம் பத்தியை நான்கு முறை படித்தார். இருபத்தெட்டு வருடமாக எழுத்தராக இருப்பவருக்கு ஒரு சுற்றறிக்கையின் உயிர் எந்தப் பத்தியில் துடிக்கிறது என்று தெரியாதா?

ஏனாம் அவருக்குப் புதிது அல்ல. காரைக்காலில் அரசு வேலை பார்க்கும் எவருக்கும் அது புதிது அல்ல. காகிதத்தில் புதுச்சேரியோடு சேர்ந்தது, ரயிலில் ஆந்திராவோடு சேர்ந்தது. மகள் ஷஃபீனாவுக்கு ஒரு வயதாக இருக்கும்போது அவர் அங்கே போனார். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து வீட்டுக்குள் உட்கார்ந்தபோது அந்தக் குழந்தை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இவங்க எப்ப அவங்க வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டது.

அந்த ஷஃபீனாவுக்குத்தான் இப்போது நிக்காஹ் குறித்திருந்தது. தொண்ணூறு நாள் முடிவது பன்னிரண்டாம் தேதி. நிக்காஹ் இருபத்தாறாம் தேதி. பெண்ணின் வலியாக, அதாவது அவளைக் கைப்பிடித்துக் கொடுக்கும் பொறுப்பாளியாக, சபையில் தகப்பன் உட்கார வேண்டும். ஊரில் இல்லாவிட்டால் வேறு யாரையாவது நியமித்து அனுப்பலாம், மார்க்கம் அனுமதிக்கிறது. நஜ்முதீனின் மனசு அனுமதிக்கவில்லை.

எடைநெறி மையம் பழைய மாடிக் கட்டடம் ஒன்றில் இருந்தது. வீடு இருந்த கோவில்பத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் இறங்கியவரை எடைக் கருவியில் ஏற்றினார்கள். தொண்ணூற்றிரண்டு கிலோ. எண்பத்து நான்குக்கு இறங்க வேண்டும் என்று எழுதி, ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. பிரியமான உணவுகளை அறவே விட்டு எடை குறைக்க விரும்புவோர் விலக்கல் பிரிவு. எதையும் விடாமல் அளவைக் குறைக்க விரும்புவோர் அளவுப் பிரிவு. ஒன்றில் குறியிட வேண்டும்.

நஜ்முதீன் இரண்டிலும் குறியிட்டார்.

வேறு யாராக இருந்தாலும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்ததால் திரும்பி வந்த விண்ணப்பங்களை அவர் தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். அதிகமாக நிரப்பியதால் திரும்பியதாக ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எழுத்தரின் கை காலிக் கட்டத்தைக் கண்டால் சும்மா இருக்காது. அந்தக் கைதான் அவரைக் கவிழ்த்தது.

விலக்கல் பிரிவு மாடியில் இருந்தது. அதன் அலுவலர் தெட்சிணாமூர்த்தி ஒல்லியாக, விறைப்பாக, ஏதோ ஒன்றைத் தொடர்ந்து மறுத்துக்கொண்டே இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

"நாக்குக்குப் பிடிச்சது எல்லாம் உடம்புக்கு எதிரி. இதுல பாதி விடறது, கால்வாசி விடறதுங்கற பேச்சே கிடையாது. வேரோட பிடுங்கணும். நான் ஆட்டுக்கறி விட்டு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியலைங்களே சார்."

"பதினோரு வருஷம், ரெண்டு மாசம், ஒன்பது நாள். ஒரு நாளாவது அதை நினைச்சிருப்பனா?" என்று கேட்டுவிட்டுச் சற்று நேரம் சன்னலைப் பார்த்தார். "கனவுல வரும். அது விதிமீறல்ல சேராது. இயக்குநர்கிட்ட தெளிவுரை வாங்கி வச்சிருக்கேன்."

பிரியமான உணவுகளின் பட்டியலை எழுதி, வீட்டில் சமைப்பவரிடம் சான்றுக் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார். சான்று எதற்கு என்று நஜ்முதீன் கேட்டார். அதற்குக் காரணம் அவருடைய அலுவலகத்திலேயே இருந்தது. பக்கத்து மேசை ஜெயபிரகாஷ் தன் பட்டியலில் பாகற்காய், வேப்பம்பூ, வெந்தயக் கீரை என்று எழுதிக் கொடுத்து, மூன்றையும் உயிர் போனாலும் தொடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்துவிட்டு, நேராகப் பரோட்டாக் கடைக்குப் போயிருந்தான்.

நஜ்முதீன் பொய் எழுதவில்லை. ஆறு உணவுகளை எழுதி மனைவி ஆஸியா பீவியிடம் நீட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தார்.

"இறால் வாடா, கடையில வாங்கறது. பரோட்டா, கடையில வாங்கறது. வட்டலப்பம், அந்த முட்டை இனிப்பும் கடையில வாங்கறது. கறிக் குழம்புன்னு மட்டும் எழுதாம 'லாத்தா வீட்டுக் கறிக் குழம்பு'ன்னு எழுதியிருக்கீங்க. உங்க அக்காளை மறக்காம சேத்திருக்கீங்க. முப்பது வருஷமா நான் ஆக்கிப் போட்டதுல ஒண்ணாச்சும் இருக்கா இதுல?"

"ஆஸியா, இதுல எழுதினா அதை விட்டுடணும். உன் சமையலை விட முடியாதுன்னுதானே எழுதல?"

"அப்படிச் சொல்லிக்குங்க. அக்கா குழம்பு பிரியம். என் தாளிச்சா பழக்கம்."

"அட, அப்படி இல்லம்மா."

"பேனாவைக் கொடுங்க."

மேற்கண்டவை இவருக்குப் பிரியமானவை என்பது உண்மை என்று கையெழுத்துப் போட்ட ஆஸியா பீவி, அதற்கு மேலே ஏழாவதாகத் தன் கையாலேயே 'ஆஸியா பீவி வைக்கும் தாளிச்சா' என்று எழுதினார். இப்படியாக அவருக்குக் கௌரவம் கிடைத்தது. நஜ்முதீனுக்குத் தாளிச்சா போயிற்று.

ஏழையும் விட்டபின் வீட்டில் மிஞ்சியது உப்புமா. நஜ்முதீனுக்குச் சிறு வயதிலிருந்தே உப்புமா ஆகாது. ஆனாலும் பசிக்குப் பேதம் தெரியாது. விட்ட ஏழின் துக்கத்தையும் சேர்த்து அவர் உப்புமாவை இரண்டு தட்டு சாப்பிட்டார். முப்பதாம் நாள் எடைக் கருவி தொண்ணூற்று நான்கு காட்டியது.

தெட்சிணாமூர்த்தி பட்டியலை எடுத்து விரலால் தடவினார். "உப்புமா இதுல இல்லையே."

"அது பிடிக்காதுங்க சார்."

"பிடிக்காததை ஒரு மனுஷன் தினம் ரெண்டு தட்டு விழுங்குவானா?"

நஜ்முதீன் தன் இருபத்தெட்டு வருட அரசுப் பணியை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

உப்புமா 'மறைக்கப்பட்ட பிரியம்' என்ற தலைப்பில் எட்டாவதாகச் சேர்க்கப்பட்டது.

அளவுப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. அதன் அலுவலர் நித்யஸ்ரீ இளம்பெண், சிரித்த முகம். மேலே போய் வந்தவரைப் பார்த்ததுமே அவள் உச்சுக்கொட்டினாள்.

"பாவம் சார் நீங்க. மேல அவங்க பண்றது கொடுமை. எங்ககிட்ட எந்தச் சாப்பாட்டுக்கும் தடையே கிடையாது. தடை பண்ணினா மனசு ஏங்கும். ஏங்குறது எங்க பிரிவுல குற்றம்."

நஜ்முதீனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்ப வட்டலப்பம் சாப்பிடலாமாங்க?"

"தாராளமா. சாப்பிட்டே ஆகணும். பிரியமான அயிட்டம் தினமும் ஒண்ணாவது எடுத்ததா பதிவேட்டுல இருக்கணும். அளவுதான் முக்கியம். சோறு ஒரு கைப்பிடி. குழம்பு அரைக் கைப்பிடி. இனிப்பு கைப்பிடில எட்டுல ஒண்ணு."

நஜ்முதீன் தன் வலது கையை மூடிப் பார்த்தார். அவருடைய முன்னோர் பாய்மரக் கப்பலில் கயிறு இழுத்தவர்கள். தேங்காய் அளவுக்கு ஒரு கைப்பிடி அவருக்கு வாய்த்திருந்தது. நம்பிக்கையோடு அதை மேசைமேல் வைத்தார்.

"உங்க கை இல்ல சார். ஆளாளுக்கு அவங்கவங்க கையால அளந்தா அரசாங்கம் எப்படி நடக்கும்?" என்ற நித்யஸ்ரீ, எழுந்து ஒரு கண்ணாடிப் பெட்டியின் பக்கம் போனாள். உள்ளே வெல்வெட் துணிமேல் வெள்ளை மாவுக்கல்லில் செதுக்கிய ஒரு சின்னக் கை, விரல்களை மூடிக்கொண்டு இருந்தது. "இது நம்ம இயக்குநரோட கைப்பிடி. இதுதான் நிலையளவு."

இயக்குநர் ஐந்தடிக்கும் குறைவான மனிதர். கை உடம்புக்கு ஏற்றது.

அந்தக் கைப்பிடியின் கொள்ளளவுக்குச் செய்து முத்திரையிட்ட ஒரு கிண்ணத்தை நஜ்முதீனிடம் கொடுத்தார்கள். வேளைக்கு ஒரு தடவை நிரப்பி, புகைப்படம் எடுத்து அனுப்பிவிட்டுச் சாப்பிட வேண்டும். "முதல்ல கஷ்டமா இருக்கும் சார், பழகிடும்" என்று நித்யஸ்ரீ தைரியம் சொன்னாள். "எங்க அம்மாவே பாதி இட்லில நிறுத்தப் பழகிட்டாங்க. மீதியை நான் ஆபீஸ் கிளம்பினதும் சாப்பிடறாங்க போல. ஆனா பதிவேட்டுல பாதிதான்."

அன்று வீட்டில் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு நஜ்முதீன் உட்கார்ந்திருந்தார். வருடத்தில் முப்பது நாள் நோன்பு பிடிக்கிறவர் அவர். விடுவது அவருக்குத் தெரியும். ஒரு தடவை மனசு வைத்தால் போதும், பகல் முழுதும் அதுவே தாங்கும். அளப்பது அப்படி இல்லை. ஒவ்வொரு வேளையும், ஒவ்வொரு கவளத்திலும், போதும் போதும் என்று தன்னையே கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. இரண்டில் எது சிரமம் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியும். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

மாடியில் வட்டலப்பத்தைத் தொட்டால் குற்றம். கீழே வட்டலப்பத்தைத் தொடாவிட்டால் குற்றம். அவர் இயக்குநரைப் பார்த்து முறையிட்டார். இயக்குநர் நாற்காலியில் மெத்தை போட்டு உயரமாக உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டும் அரசாங்கத்தோட பிரிவுகள். ஒண்ணுக்குக் கட்டுப்பட்டு இன்னொண்ணை அவமதிக்க உங்களை அனுமதிச்சா, நாளைக்கு இந்தக் கட்டடத்துக்கு ஏன் ரெண்டு மாடின்னு மேலிடத்துல கேப்பாங்க. ரெண்டையும் கடைப்பிடிங்க."

"எப்படிங்கய்யா?"

"அதைத் தீர்மானிக்க வேண்டியது உடம்பு. நாங்க நிர்வாகம்."

இதற்கிடையில் மாப்பிள்ளை வீட்டில் விருந்துக்கு அழைத்தார்கள். நிக்காஹுக்கு முன்னால் இரண்டு வீட்டு ஆண்களும் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். சஹன் என்பது நான்கு பேர் சுற்றி உட்காரும் பெரிய தாம்பாளம். நடுவில் சோறும் கறியும் குவிந்திருக்கும். அவரவர் முன்னால் இருப்பதை அவரவர் எடுக்க வேண்டும். ஆனால் நல்ல துண்டு தன் பக்கம் இருந்தால் அதை எதிராளியின் பக்கம் தள்ளிவிடுவதுதான் மரியாதை. தள்ளிய துண்டைச் சாப்பிடாமல் வைத்தால் சம்பந்தத்தையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி.

நஜ்முதீன் சும்மா போய்ச் சாப்பிட்டு வந்திருக்கலாம். ஆனால் எழுத்தரின் கை சும்மா இருக்காது என்று முன்பே சொன்னேன். 'மேற்படி நாளில் மேற்படி விருந்தில் கலந்துகொள்ள முன்னனுமதி கோருதல்' என்று இரண்டு பிரிவுக்கும் ஒவ்வொரு விண்ணப்பம் கொடுத்தார். அனுமதி வரவில்லை. கண்காணிப்பதற்குத் தெட்சிணாமூர்த்தியும் நித்யஸ்ரீயும் வந்தார்கள்.

நித்யஸ்ரீயை வாசலிலேயே பெண்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். அவளுடைய அளவுக் கிண்ணத்தை யாரோ சீர்வரிசைப் பாத்திரம் என்று நினைத்து வாங்கி அலமாரியில் வைத்தார்கள். அப்புறம் உள்ளேயிருந்து அவள் சிரிப்பு மட்டும் கேட்டது.

ஆண்கள் பக்கத்தில் ஒரு சிக்கல். சஹனில் நஜ்முதீன், சம்பந்தி காதர் பாட்சா, அவர் தம்பி என்று மூன்று பேர். நான்காவது ஆள் வந்து சேரவில்லை.

"சார் உக்காரட்டும்" என்றார் காதர் பாட்சா.

"நான் பார்வையாளன்" என்றார் தெட்சிணாமூர்த்தி, குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு.

"உக்காந்து பாருங்க சார். நின்னுக்கிட்டு பாத்தா சாப்பிடறவங்களுக்கு ஆகாது. நாலு பேர் கை படாம சஹனுக்குப் பரக்கத்து, அதான் ஆண்டவன் அருள், இல்லைங்க."

"நான் கறியை விட்டு பதினோரு வருஷம், மூணு மாசம்..."

"சோத்தை மட்டும் எடுத்துக்குங்க. யாரு வேணாங்கறா?"

தெட்சிணாமூர்த்தி சோற்றை மட்டும் எடுத்துக்கொள்வதற்காக உட்கார்ந்தார். காதர் பாட்சா விருந்தாளிக்கு மரியாதையாக ஒரு நல்லித் துண்டை அவர் பக்கம் தள்ளினார். தெட்சிணாமூர்த்தி அதை நஜ்முதீன் பக்கம் தள்ளினார். நஜ்முதீன் அதைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினார். மூன்றாவது முறை அந்தத் துண்டு தெட்சிணாமூர்த்தியின் முன்னால் வந்து நின்றபோது அவர் கை அதைத் தள்ளவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கனவில் வருவது விதிமீறல் ஆகாது என்பதால் இருக்கலாம். அதற்குப்பின் அவர் தலையை நிமிர்த்தியபோது சஹனில் தாம்பாளத்தின் பூ வேலைப்பாடு தெரிந்தது.

"ஏங்க சம்பந்தி, சார் பதினோரு வருஷப் பாக்கியையும் தீத்துட்டாரு போலருக்கே!" என்று காதர் பாட்சாவின் தம்பி நஜ்முதீனின் காதைக் கடித்தார்.

மறுவாரம் நஜ்முதீனுக்கு இரண்டு குறிப்பாணைகள் வந்தன. மாடியிலிருந்து வந்ததில், "சஹனில் இருந்த கறியை நால்வரும் உண்டனர். ஊழியர் உண்டது விதிமீறல். மற்றவர்கள் உண்டது இவ்வறிக்கையின் வரம்புக்குள் வராது" என்று இருந்தது. கீழேயிருந்து வந்ததில், "ஒரே கலத்தில் பலர் உண்டதால் ஊழியரின் பங்கை அளக்க இயலவில்லை. அளக்க இயலாத உணவு அளவற்ற உணவாகக் கருதப்படும்" என்று இருந்தது. இரண்டுக்கும் விளக்கம் கொடுத்து, இரண்டு பிரிவிலும் ஆட்சேபணையின்மைச் சான்று வாங்காவிட்டால், எடை என்னவாக இருந்தாலும் ஏனாம்தான்.

தொண்ணூறு நாளில் இன்னும் ஐந்து வாரம் மிச்சம் இருந்தது.

இரண்டு பிரிவும் பொதுமக்களைச் சந்திக்கும் நேரம் பகல் ஒன்றிலிருந்து இரண்டு வரை. தன் அலுவலகத்தில் சாப்பாட்டுக்கு விடும் அந்த ஒரு மணி நேரத்தில் நஜ்முதீன் மையத்துக்கு ஓடினார். மாடியில், "முதல்ல கீழ வாங்கிட்டு வாங்க" என்றார்கள். கீழே, "மேல கையெழுத்து இருக்கா?" என்று கேட்டார்கள். நாற்பது படி ஏறினார், நாற்பது படி இறங்கினார். ஒரு நாள் முத்திரை இல்லை. ஒரு நாள் முத்திரை இருந்தது, மை இல்லை. ஒரு நாள் எல்லாம் இருந்தன, தெட்சிணாமூர்த்தி விடுப்பு. ஆஸியா பீவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டுப் பாத்திரம் திறக்கப்படாமலே வீடு திரும்பியது. சாயங்காலம் அவருக்குப் பசி செத்துவிடும். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"வாப்பா, கல்யாணச் சட்டை ரெண்டு விரற்கடை தொளதொளன்னு இருக்கு" என்றாள் ஷஃபீனா. "பிடிக்கக் கொடுக்கட்டுமா?"

"கொடு. இருபத்தாறாம் தேதி நான் இங்க இருந்தா போட்டுக்கறேன்."

"இருப்பீங்க வாப்பா." சட்டையை மடித்துக்கொண்டே, "இல்லன்னா தேதியை மாத்திடலாம்" என்றாள்.

"மண்டபத்துத் தேதியை மாத்தலாம்மா. ஏனாம் தேதி நம்ம கையில இல்ல."

பன்னிரண்டாம் தேதி எடைக் கருவியில் ஏறினார். எண்பத்து மூன்று கிலோ நானூறு கிராம்.

மையமே அதிர்ந்தது. தொடங்கிய நாளிலிருந்து அங்கே எடை குறைந்த முதல் ஆள் அவர்தான். ஆட்சேபணையின்மைச் சான்றுகள் பத்து நிமிடத்தில் இரண்டு பக்கமிருந்தும் ஓடி வந்தன. அன்று மாலையே ஒரு பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. சால்வை போர்த்தினார்கள்.

தெட்சிணாமூர்த்தி பேசினார்: "இது விலக்கலின் வெற்றி. எட்டு உணவுகளை இவர் வேரோடு பிடுங்கினார். இவரது விருந்து ஒன்றுக்கு நான் நேரில் சென்று, எவ்வளவு பெரிய சபலத்துக்கு நடுவே இவர் அமர்ந்திருந்தார் என்பதை என் உடம்பாலேயே உணர்ந்தேன்."

நித்யஸ்ரீ பேசினாள்: "இது அளவின் வெற்றி. சார் தினமும் அனுப்பிய கிண்ணப் புகைப்படங்கள் நூற்றெண்பது எங்களிடம் உள்ளன. கடைசி ஐந்து வாரம் ஒரே புகைப்படம் திரும்பத் திரும்ப வந்தது. அந்த அளவுக்கு அவரிடம் ஒழுங்கு வந்திருக்கிறது."

இயக்குநர் ஒரு முக்காலியில் ஏறி நின்று, வெற்றி எந்தப் பிரிவுக்கு உரியது என்று ஊழியரே சொல்லட்டும் என்றார்.

நஜ்முதீன் ஒலிவாங்கியைப் பிடித்தார். மூன்று மாத எரிச்சல் தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்க அவருக்கு இஷ்டமில்லை. அதுவும் ஒரு உப்புமா என்று தோன்றிற்று.

"ரெண்டும் இல்லைங்கய்யா" என்றார். "விட்டப்ப ரெண்டு கிலோ ஏறினேன். அளந்தப்ப ஒரு கிலோ இறங்கினேன். மீதி எல்லாம் உங்க வராந்தா பெஞ்சுல இறங்கினது. ஒண்ணுலேருந்து ரெண்டு வரைக்கும் சோறு தண்ணி இல்லாம உக்கார வச்சீங்க. படி ஏற வச்சீங்க. எந்த மனுஷனும் இளைப்பான்."

வேலை போயிற்று என்று நஜ்முதீன் நினைத்தார். மனசு கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

இயக்குநர் முதலில் கை தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள்.

"கேட்டீங்களா?" என்றார் இயக்குநர், குரல் தழுதழுக்க. "இத்தனை நாளா நம்ம கண்ணுக்கே தெரியல. உணவையும் தொடல, அளவையும் தொடல. வெறும் நிர்வாகத்தாலேயே ஒன்பது கிலோ! உலகத்துல எந்த வைத்தியரும் செய்யாததை நம்ம பெஞ்சு செஞ்சிருக்கு!"

மறுநாள் எடைநெறி மையத்தில் மூன்றாவதாகக் காத்திருப்புப் பிரிவு உருவாக்கப்பட்டது. அதைக் கண்டுபிடித்தவர் என்ற முறையில் காஜா நஜ்முதீன் அதன் தலைவராக நியமிக்கப்பட்டார். இங்கே இரண்டு மாடிகளும் நிரம்பிவிட்டதால் பிரிவின் தலைமையிடம் ஏனாம். அங்கே கட்டடம் இன்னும் பார்க்கவில்லை. பதினைந்தாம் தேதி புறப்பட்டு, கட்டடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுப்பேற்காதவருக்கு விடுப்பு எடுக்கும் உரிமை இல்லை. கட்டடம் இல்லாமல் பொறுப்பேற்க முடியாது.

ஆணையைப் படித்த ஆஸியா பீவி, "மேடையில வாயை மூடிக்கிட்டு சால்வையை வாங்கிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்றார். உள்ளே போனார். பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது.

நஜ்முதீன் ஆணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அசர் தொழுகைக்குப் போய் வந்து, அதே இடத்தில் உட்கார்ந்தார். பொழுது சாய்ந்து மஃரிபுக்கும் போய் வந்து உட்கார்ந்தார். பிறகு எழுந்து பழைய விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, இரண்டு பக்கங்களைப் புரட்டினார். அவர் முகத்தில் மூன்று மாதமாக இல்லாத ஒரு அமைதி வந்தது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். 'அனுப்புநர்: காஜா நஜ்முதீன், மேல்நிலை எழுத்தர். பெறுநர்: தலைவர், காத்திருப்புப் பிரிவு. பொருள்: மகள் நிக்காஹுக்காகப் பத்து நாள் விடுப்பு.' விண்ணப்பத்தை மடித்து, பிரித்து, பெறுநர் என்ற முறையில் வாங்கிக்கொண்டார். 'பெறப்பட்டது. பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி ஒப்பமிட்டார்.

உரிமை இல்லாதவன் விடுப்பு கேட்கக் கூடாது என்று விதியில் இல்லை. எடுக்கக் கூடாது என்றுதான் இருந்தது. பொறுப்பேற்காத தலைவர் கோப்பைப் பெறலாம், முடிவெடுக்கக் கூடாது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் ஊழியரைப் பணியிடத்திலிருந்து விடுவிக்கக் கூடாது. விடுவிக்காமல் அவர் ஏனாம் போக முடியாது. ஏனாம் போகாமல் பொறுப்பேற்க முடியாது. பொறுப்பேற்காமல் முடிவெடுக்க முடியாது.

இயக்குநர் அந்தக் கோப்பை மூன்று நாள் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். அதில் ஓட்டை இல்லை. கடைசியில், "காத்திருப்புப் பிரிவின் கொள்கைக்கு இது முற்றிலும் உகந்ததே" என்று குறிப்பெழுதி, ஏனாம் கட்டடம் வரும்வரை மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்.

இருபத்தாறாம் தேதி நஜ்முதீன், பிடித்துத் தைத்த சட்டையோடு சபையில் உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைத் தன் கையில் வாங்கி, மகளை ஒப்புக்கொடுத்தார்.

திங்கட்கிழமை பகல் ஒரு மணிக்கு அவர் மாடிப்படிக்குக் கீழே தன் மேசையில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். ஆஸியா பீவி தாளிச்சாவும் நெய்ச்சோறும் வைத்திருந்தார். முதல் கவளத்தை உருட்டியபோது எதிரே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைக் கண்டார். கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றில் எழுத்தராக இருக்கும் பங்கஜவல்லி. மடியில் மூடிய தூக்குப் பாத்திரம். கையில் காத்திருப்புப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கான அட்டை.

"எப்ப வந்தீங்கம்மா?"

"பதினோரு மணிக்கே வந்துட்டேங்க சார். எண்பத்தெட்டு கிலோ. எழுபத்தெட்டுக்கு இறங்கணுமாம். எவ்வளவு நேரம் காத்திருக்கணுங்க?"

நஜ்முதீனுக்குக் கவளம் கையிலேயே நின்றது. "காத்திருக்கவே வேணாம். முதல்ல நீங்க சாப்பிடுங்க."

பங்கஜவல்லி தூக்கின் மூடிமேல் கை வைத்தாள். திறக்கப் போனவள் நிறுத்தினாள். மேலே மாடியையும், பக்கத்தில் கீழ்த்தள அறையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இங்க உக்காந்து சாப்பிட்டா குத்தம் இல்லைங்களே?"

"பிரிவுத் தலைவர் நான்தாம்மா. நான் சொல்றேன், சாப்பிடுங்க."

"நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க சார். நாளைக்கு எனக்குல்ல குறிப்பாணை வரும்?" அவள் குரல் தாழ்ந்தது. "தப்பா நினைக்காதீங்க. அதை எழுத்துல கொடுத்துடறீங்களா?"

நஜ்முதீன் கவளத்தைத் திரும்பப் பாத்திரத்தில் வைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே தாள் இருந்தது, முத்திரை இருந்தது, மையும் இருந்தது. பசித்தவர் சாப்பிடலாம் என்பதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.